முன்னச்சும் மணல் மூட்டையும்

1

இந்த வருஷம் கல்லறைத் திருநாளன்று, இங்கே பொழுது விடிவதற்கு முன்னால், தம்பி சேவியர் வீடியோவில் கூப்பிட்டான். அங்கே அது சாயங்கால நேரம். பூதலூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் மழை தூறிக்கொண்டிருந்தது. அப்பாவின் கல்லறைக்கு வெள்ளையடித்து, செவ்வந்தி மாலை போட்டிருந்தான். மெழுகுவர்த்தி அணைந்துவிடாமல் இருக்கக் கொட்டாங்கச்சிக்குள் நிறுத்தி வைத்திருந்தான். மதிலுக்கு அந்தப் பக்கம் சம்பா நடவு முடிந்த வயல், ஒரே தண்ணீராகத் தெரிந்தது. பங்குச் சாமியார் ஒவ்வொரு கல்லறையாக மந்திரித்துக்கொண்டு வருகிறார், நம்முடையதற்கு வர இன்னும் நேரமாகும் என்றான். குடையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, பாப்பா, என் மகளைத்தான் அப்படிச் சொல்வான், வேலைக்குப் போன ஊருக்குச் சேர்ந்துவிட்டதா என்று கேட்டான். சேர்ந்துவிட்டாள் என்றேன்.

"வண்டி?" என்றான்.

அவன் அதைத்தான் முதலில் கேட்க நினைத்திருப்பான். மூன்று மாதமாக நான் அவனிடம் போனில் பேசியதெல்லாம் வண்டியைப் பற்றித்தான். அதிலும் வண்டியின் முன்னச்சைப் பற்றி.

அதைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் கனடாவில், ஆல்பர்ட்டா மாகாணத்தில், கோதுமை வயல்களுக்கு நடுவே இருக்கும் ஒரு சின்ன ஊரில் வெல்டராக இருக்கிறேன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எழுத்தில் கோணல் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வெல்டிங்கில் கோணல் இருந்தால் பொறுக்க வேண்டாம்.

கவலைப்படுவது என் சுபாவம், அதையும் சொல்லிவிட வேண்டும். வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பினால் பாதி வழியில் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன். "நீங்க இழுக்குற இழுப்புல பூட்டுக்கே சந்தேகம் வந்துடும், தான் பூட்டியிருக்கோமா இல்லையான்னு" என்பாள் என் மனைவி ஸ்டெல்லா. சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் இருந்த காலத்தில் போட்ட வெல்டிங் கூட இன்னும் சில நாள் ஞாபகத்துக்கு வந்து, அந்தக் கப்பல் இப்போது எந்தக் கடலில் இருக்குமோ என்று யோசித்துக்கொண்டிருப்பேன்.

2

எங்களுக்கு ஒரே மகள், ஜெனி. இங்கே வந்தபோது அவளுக்கு ஏழு வயது. ஜெபமாலை முழுக்கத் தமிழில் சொல்வாள். இப்போது இருபத்தொன்று. நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வரும். கோயிலுக்கு கிறிஸ்துமஸ் பூசைக்கு மட்டும் வருவாள். அவள் எங்களை விட்டு எந்த நாளில் விலகினாள் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. வரப்பை நண்டு குடைகிற மாதிரிதான். தண்ணீர் அடுத்த வயலுக்குப் போன பிறகுதான் பொந்து இருப்பது தெரியும்.

சாலைபோடும் இயந்திரங்களை ஓட்டுவதற்குப் படித்தாள். ஆகஸ்டில் ஒரு நாள் சாப்பிடும்போது, வடக்கே வேலை கிடைத்திருக்கிறது என்றாள். வடக்கு என்றால் நம் ஊர்க் கணக்கில் தஞ்சாவூரிலிருந்து டெல்லி போகிற அளவுக்குத் தூரம். இடையில் வீடு வாசல் இல்லாத காட்டுச் சாலை. அங்கே ஒரு சுரங்க ஊரில், ரோட்டில் விழும் பனியை அள்ளித் தள்ளும் ஒப்பந்தக்காரரிடம் வேலை. சொந்தமாக ஒரு பிக்கப் வண்டி வைத்திருக்க வேண்டும், அக்டோபர் முடிவதற்குள் வந்து சேர வேண்டும். வண்டியையும் அவளே பழையதாக ஒன்று வாங்கி, தோழி வீட்டில் நிறுத்தி வைத்திருந்தாள். அதையும் அப்போதுதான் சொன்னாள்.

பிக்கப் என்பது முன்னால் ஆள் உட்காரும் இடமும் பின்னால் திறந்த தொட்டியும் உள்ள வண்டி. நம் ஊர்க் குட்டியானைக்குப் பெரியப்பா மகன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பனி தள்ளுவதற்கு அதன் மூக்கில் ஒரு பெரிய இரும்புப் பலகையை மாட்டுவார்கள். நாம் சேற்றைச் சமன்செய்ய டிராக்டருக்குப் பின்னால் பரம்புப் பலகை கட்டி இழுப்போம் அல்லவா, அதுதான். இங்கே முன்னால் கட்டித் தள்ளுகிறார்கள்.

அவள் வாங்கிய வண்டியில் முன் சக்கரங்கள் தனித்தனிக் கைகளில் தொங்கின. ஊருக்குள் ஓட்ட அது சுகமாக இருக்கும். அந்தப் பலகையின் கனத்தை மூக்கில் மாட்டிக்கொண்டு, பனிக்கட்டியில் முட்டி மோதினால் அந்தக் கைகள் நிற்காது. இந்தச் சக்கரத்துக்கும் அந்தச் சக்கரத்துக்கும் நடுவே ஒரே உறுதியான அச்சு வேண்டும். அந்த வண்டிக்கு அப்படி ஒன்று கடையில் கிடைக்காது. அளவெடுத்து உண்டாக்கத்தான் வேண்டும்.

மறுநாள் காலையில், நான் வேலைக்குக் கிளம்பும்போது வாசலில் வந்து நின்றாள்.

"அப்பா, நீங்க பண்ணித் தர்றீங்களா?"

தமிழில் கேட்டாள். அவள் தமிழில் கேட்ட எதற்கும் நான் முடியாது என்று சொன்னதில்லை. அது அவளுக்கும் தெரியும்.

ஸ்டெல்லா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, பண்ணிக் கொடுக்காதீர்கள், வண்டி ஆகவில்லையென்றால் எப்படிப் போவாள் என்றாள். அவள் வண்டி இப்போது இருக்கிறபடியே எடுத்துக்கொண்டு போவாள் என்றேன். "அப்போ நல்லாப் பண்ணுங்க" என்றாள்.

3

முன்னச்சு என்றால் எனக்கு அப்பா ஞாபகம்தான் வரும்.

அப்பா பெயர் சூசை. கூலி வேலை. நாற்று பறிக்க, அண்டை வெட்ட, கதிரடிக்க எதற்குக் கூப்பிட்டாலும் போவார். இதற்கெல்லாம் மேலே இன்னொரு வேலையும் அவருக்கு இருந்தது. அதற்குப் பெயர் கிடையாது.

ஆழச் சேற்றில் டிராக்டர் உழும்போது, பின்சக்கரம் புதைந்துகொண்டால் வண்டி மூக்கைத் தூக்கும். டிரைவர் எவ்வளவு முறுக்கினாலும் முன்சக்கரம் அந்தரத்தில்தான் நிற்கும். இன்னும் முறுக்கினால் வண்டி அப்படியே பின்னால் மல்லாந்துவிடும். அதற்கு முன்பாரம் வேண்டும். முன்பாரத்துக்கு ஆள் ஏறி உட்கார வேண்டும். "சூசை, வந்து ஏறுடா" என்று குரல் கேட்கும். கூப்பிட்டவருக்கு அப்பாவைவிட வயது குறைவு. அப்பா கையில் இருப்பதைப் போட்டுவிட்டு, சேற்றில் தாண்டித் தாண்டிப் போய், ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் இரும்பில் ஏறி, வண்டிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்வார். மூக்கு இறங்கும். வண்டி நகரும். கரையில் நின்று நாங்கள் கைதட்டியிருக்கிறோம்.

ஒரு நாள் அப்படி உட்கார்ந்திருந்தபோது, முன்னச்சை நடுவில் தாங்கும் முளை ஒடிந்துவிட்டது. தேய்ந்துபோன முளை. அச்சு ஒரு பக்கமாகத் திரும்பிக்கொள்ள, அப்பா சேற்றில் விழுந்தார். சக்கரம் காலில் ஏறியது. சேறாக இருந்ததால் கால் மிஞ்சியது. டிராக்டர்காரர் தன் காரிலேயே தூக்கிப்போட்டு தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார், அதைச் சொல்லாமல் இருக்கக் கூடாது. ஆனால் கால் கோணிக்கொண்டதுதான். அதற்குப் பிறகு அப்பா வயலில் இறங்கவில்லை. மாட்டுக்குத் தழை ஒடித்துப் போட்டுக்கொண்டு, இருபது வருஷத்துக்கு மேல் இருந்தார். யாராவது காலைப் பற்றிக் கேட்டால், "நான் ஏறலன்னா வண்டி ஏறியிருக்காதுல்ல" என்பார். அதில் கொஞ்சம் பெருமை கூட இருக்கும். எனக்குத்தான் கேட்க முடியாது, எழுந்து போய்விடுவேன்.

அந்த வருஷம் நான் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, பூதலூரில் ஒரு வெல்டிங் பட்டறையில் சேர்ந்தேன். சேர்ந்த மாதமே அந்த முன்னச்சு ரிப்பேருக்கு அங்கே வந்தது. பட்டறைக்காரர் புது முளை கடைந்து போட்டு, தேய்ந்த இடத்தில் தகடு வைத்து, தகட்டின் மேல் இன்னொரு தகடு வைத்துப் பற்றவைத்தார். சூடு மெல்ல இறங்க வேண்டும் என்பதற்காக, ரைஸ்மில்லிலிருந்து வந்த உமிச்சாம்பலுக்குள் ஒரு நாள் முழுக்கப் புதைத்து வைத்தார். எடுத்த பிறகு சுத்தியலால் தட்டி, இனி யானை ஏறினாலும் தாங்கும் என்றார். எங்கள் பட்டறையில் வேலை நன்றாக இருக்கிறது என்பதற்கு ஒரே வார்த்தைதான். கனமாக இருக்கிறது என்பார்கள்.

4

இங்கே நான் வேலை செய்யும் பட்டறையின் முதலாளி டேல். எழுபதை நெருங்கியவர், ஒரு வார்த்தைக்கு மேல் பேசினால் வாய் வலிக்கும் என்பது போல இருப்பார். என் பெயர் லூர்து, அவருக்கு லூ. சனிக்கிழமைகளில் பட்டறையை எனக்கு விட்டுக்கொடுத்தார்.

பெரிய லாரி ஒன்றிலிருந்து கழற்றிய முன்னச்சு, பழைய இரும்பு யார்டில் கிடைத்தது. அது ஜெனி வண்டிக்கு அகலம் அதிகம். இரண்டு முனைகளையும் வெட்டிக் குறைத்து, சக்கரம் மாட்டும் முட்டிகளைத் திரும்பப் பொருத்த வேண்டும். அங்கேதான் உயிர் இருக்கிறது. முட்டி லேசாகப் பின்சாய்ந்து நிற்க வேண்டும். சைக்கிளின் முன் கவையைப் பாருங்கள், நேராக இருக்காது. அந்தச் சாய்வு இருந்தால்தான் வண்டி தன் போக்கில் நேராக ஓடும். ஒரு பக்கம் ஒரு மயிரிழை மாறினாலும், ஆளில்லாத அந்த ரோட்டில் வண்டி இழுத்துக்கொண்டே போகும். வெல்டிங் சூட்டுக்கு இரும்பு வளையும். அதனால் இங்கே கொஞ்சம், ஆற விட்டு எதிர்ப்பக்கம் கொஞ்சம் என்றுதான் பற்றவைக்க முடியும். நடுவில் பல்சக்கரங்கள் இருக்கும் பெட்டி வார்ப்பிரும்பு. அதை முதலில் சூடேற்றி, பற்றவைத்து, மெல்ல மெல்ல ஆறவைக்க வேண்டும்.

உமிச்சாம்பல் இருந்தால் தேவலாம் என்று டேலிடம் சொன்னேன். நெல்லுமி என்றால் என்னவென்று சொல்லிப் புரியவைக்கவே அரை மணியானது. கேட்டுவிட்டு, உள்ளே போய் ஒரு வெள்ளைக் கம்பளியை எடுத்து வந்து அச்சின் மேல் போர்த்தினார். வெல்டிங்குக்கென்றே விற்கிற கம்பளி. சாம்பல் செய்வதை அதுவும் செய்யும். எனக்குத்தான் மனம் ஆறவில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் போர்வைக்குள் கைவிட்டுப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

முட்டி நின்றது, அளவும் சரியாக இருந்தது. அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்து பார்க்கும்போது ஏதோ ஒரு இடம் ஒல்லியாகத் தெரியும். அச்சின் முதுகில் ஒரு கைப்பிடிச் சுவர் மாதிரி இரும்புச் சட்டம் வைத்தேன். அதன் பக்கங்களில் முக்கோணத் தகடு. ஸ்பிரிங் உட்காரும் இடத்தில் தடித்த தகடு, அதன் மேல் இன்னொன்று. மான் குறுக்கே வந்தால் என்ன ஆவது என்று முன்னால் ஒரு பெரிய பம்பர். ஜெனி வந்து பார்த்துவிட்டு, "அப்பா, இது வண்டிப்பா. கப்பல் இல்ல" என்றாள். ஸ்டெல்லாவுக்கு வேறு அபிப்பிராயம். வண்டி நகர முடியாத அளவுக்குக் கனமாக்கிவிட்டால் மகள் வீட்டிலேயே இருப்பாள் என்று நான் கணக்குப் போடுவதாகச் சொன்னாள். அப்படியெல்லாம் இல்லை என்றேன். அவள் நம்பின மாதிரி தெரியவில்லை.

இங்கே எதற்கும் தாள் வேண்டும். நான் வெல்டர் பரீட்சை எழுதப் போனபோது படிப்புச் சான்று கேட்டார்கள். தம்பி நான் படித்த பள்ளிக்குப் போய், உங்க அண்ணனுக்கு இப்போது எதற்கு டி.சி., மறுபடி சேரப் போகிறாரா என்று அங்கே இருந்தவர்கள் செய்த கேலியைக் கேட்டுக்கொண்டு வாங்கி அனுப்பினான். வண்டிக்கும் அதே கதைதான். அச்சை மாற்றினால் இன்ஷூரன்ஸ்காரர்களுக்கு ஒரு என்ஜினியரின் கையெழுத்து வேண்டும். மனுவில், மாற்றத்துக்கான காரணம் என்று ஒரு கட்டம் இருந்தது. பெண் தூரமாகப் போகிறாள் என்று எழுதலாமா என்று கேட்டேன். ஜெனி சிரித்துவிட்டு, பனிப்பலகை தாங்க என்று எழுதினாள்.

என்ஜினியர் ஒரு இளவயதுப் பெண். அச்சுக்கு அடியில் படுத்து, விளக்கடித்து, ஒவ்வொரு வெல்டிங்காகப் பார்த்தாள். ஒரு குறையும் சொல்லவில்லை. பிறகு சக்கரங்களுக்கு அடியில் எடைத்தட்டு வைத்து எழுதிக்கொண்டு, முன்பக்கம் ரொம்பக் கனமாக இருக்கிறது, பலகையை மாட்டினால் இன்னும் கூடும், பின்பக்கத்தைக் கவனித்துக்கொள்ளுங்கள் என்றாள். நான் சந்தோஷமாக நன்றி சொன்னேன். கனம் என்று சொல்லிவிட்டாளே. டேல் என் முகத்தைப் பார்த்தார்.

5

அக்டோபர் நடுவில் முதல் பனி கொட்டி உறைந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, ஊருக்கு வெளியே விளையாட்டு அரங்கத்தின் வண்டி நிறுத்தும் மைதானத்துக்குப் போனோம். ஆள் கிடையாது, தரை முழுக்கக் கண்ணாடி மாதிரி பனிக்கட்டி. டேலும் வந்திருந்தார். ஸ்டெல்லா எங்கள் காருக்குள் உட்கார்ந்து ஜெபமாலையை எடுத்துக்கொண்டாள்.

ஜெனி, மூக்கில் மாட்டியிருந்த பலகையை மேலே தூக்கிக்கொண்டு மெதுவாக ஓட்டினாள். நேராகப் போனது. ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்துக் காட்டினாள், அப்போதும் நேராகப் போனது. கோடியில் போய்த் திரும்பினாள்.

முன்பக்கம் திரும்பியது. பின்பக்கம் திரும்பவில்லை. அது தன்பாட்டுக்கு வழுக்கிக்கொண்டு வெளியே போய், வண்டி முழுவதையும் பம்பரம் மாதிரி ஒரு சுற்றுச் சுற்றி, ஓரத்தில் குவித்திருந்த பனிமேட்டில் கொண்டுபோய் முட்டியது.

நான் ஓடினேன். ஓடி, வழுக்கி விழுந்து, எழுந்து ஓடினேன். ஜெனி கதவைத் திறந்துகொண்டு தானே இறங்கி நின்றாள். ஒரு காயமும் இல்லை. முகம்தான் வெளுத்திருந்தது. நான் அவளைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அப்படியே வண்டிக்கு அடியில் படுத்து முட்டிகளைப் பார்த்தேன். ஒரு வெல்டிங்கும் விடவில்லை. அச்சு அசையவில்லை.

"அச்சுல ஒண்ணும் இல்லப்பா" என்றாள். "பின்னாடிதான் ஒண்ணுமே இல்ல. காலியா இருக்கு."

எனக்கு அப்போதுதான் புரிந்தது. சேற்றில் வண்டி மூக்கைத் தூக்கும் என்ற பயத்திலேயே நான் முன்பக்கத்தில் இரும்பாகக் கொட்டியிருந்தேன். இந்த ஊரில் சேறு இல்லை, மூக்கைத் தூக்குகிற பேச்சும் இல்லை. மூக்கு அழுத்தி, பின்சக்கரம் தரையைப் பிடிக்காமல் போனதுதான் நடந்தது. பூதலூர் வயலுக்கு அச்சு செய்து, அதைப் பனிக்கட்டியில் ஓடவிட்டிருக்கிறேன். என் மகளை உள்ளே உட்காரவைத்து.

அதற்குப் பிறகு நான் செய்ததை யோசித்துச் செய்யவில்லை. பின்னால் போய், தொட்டியில் ஏறி, பின்சக்கரத்துக்கு நேர் மேலே குந்தி உட்கார்ந்து, பக்கவாட்டு இரும்பைப் பிடித்துக்கொண்டேன்.

"இப்ப எடு" என்றேன். "மெதுவாப் போ."

ஜெனி வண்டியை எடுக்கவில்லை. பின்னால் வந்து நின்று என்னைப் பார்த்தாள்.

"எதுக்கு ஏறுறீங்க?"

பாரம் வேண்டும் என்றேன். தாத்தா இப்படித்தான் ஏறி உட்காருவார் என்றேன். தாத்தாவுக்குக் கால் கோணல் என்று அவளுக்குத் தெரியும், ஏதோ விபத்து என்பதும் தெரியும். மற்றதை நான் சொன்னதில்லை. அந்தக் குளிரில், தொட்டிக்குள் குந்தியபடியே, எல்லாவற்றையும் சொன்னேன். வந்து ஏறுடா என்பது வரை சொன்னேன்.

அவள் கேட்டுக்கொண்டே நின்றாள். பிறகு ஒரு கேள்வி கேட்டாள்.

"வயல்ல நெல்லு மூட்டை இருக்கும்ல? அதக் கட்டியிருக்கலாமே."

"சேறு பட்டா நெல்லு வீணாப் போயிடும்மா."

சொல்லி முடித்த பிறகுதான் நான் சொன்னது எனக்கே கேட்டது.

"மணலு?" என்றாள்.

காவேரி மணல் எங்கள் வயலிலிருந்து கூப்பிடு தூரத்தில் கிடந்தது. வண்டி வண்டியாகக் கிடந்தது. நாலு சாக்கில் அள்ளிக் கட்டித் தொங்கவிட யாருக்கும் தோன்றவில்லை. சாக்கைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும், கட்ட வேண்டும், அவிழ்க்க வேண்டும். ஆளென்றால் கூப்பிட்டால் போதும், தானே நடந்து வந்து ஏறிக்கொள்ளும். இதை நான் அவளிடம் சொல்லவில்லை. தோணல என்று மட்டும் சொன்னேன்.

"எறங்குங்கப்பா" என்றாள். "ஆளு எடைக்கு மணலு போதும்."

கையை நீட்டினாள். நான் பிடித்துக்கொண்டு இறங்கினேன். டேல் அந்தப் பக்கமிருந்து நடந்து வந்து, "மணல்" என்று அவர் பாஷையில் ஒரே வார்த்தை சொன்னார். இந்த ஊரில் பனிப்பலகை கட்டும் ஒவ்வொரு வண்டியின் தொட்டியிலும் மணல் மூட்டை கிடப்பதை வருஷக்கணக்காக நான் பார்த்திருக்கிறேன். சக்கரம் சிக்கினால் அடியில் தூவுவதற்கு என்று நினைத்திருந்தேன்.

அந்த வாரம் முழுக்க, வேலை முடிந்ததும் கிரைண்டரை வைத்துக்கொண்டு நான் போட்டதை நானே அறுத்தேன். எது பாரம் தாங்குகிறது, எது சும்மா ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று அந்த என்ஜினியர் பெண் வந்து சாக்பீஸால் கோடு போட்டுக் கொடுத்தாள். முக்கோணத் தகடுகள் போயின. தகட்டின் மேல் வைத்த தகடு போயிற்று. பம்பர் போயிற்று. ஒவ்வொன்று கீழே விழும்போதும், இது இல்லாமல் நிற்குமா என்று அச்சைச் சுத்தியலால் தட்டிப் பார்ப்பேன். கீழே குவிந்து கிடந்ததைப் பார்த்தேன். அச்சுக்கு அதில் ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. எனக்குத்தான் வேண்டியிருந்தது.

கடையிலிருந்து மணல் மூட்டைகள் வந்தன. ஸ்டெல்லா என்னைக் குளியலறை எடைமெஷினில் ஏற்றி, மூட்டையில் அச்சடித்திருந்த எடையோடு கூட்டிக் கழித்துப் பார்த்தாள். பிறகு ஜெனியைப் பார்த்து, "மூணு மூட்டை ஒரு அப்பா" என்றாள். ஜெனி ரொம்ப நாளைக்குப் பிறகு எங்கள் வீட்டுக் கூடத்தில் வாய்விட்டுச் சிரித்தாள். அப்படியானால் இரண்டு அப்பா வேண்டும் என்று சொல்லி, ஆறு மூட்டைகளைப் பின்சக்கரத்துக்கு மேலே அடுக்கி, நகராமல் பலகை அடித்துக் கட்டினாள். அதே மைதானத்தில் மறுபடி ஓட்டினாள். கோடியில் திரும்பும்போது நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஸ்டெல்லா என் முழங்கையை இடித்து, திரும்பிட்டா, பாருங்க என்றாள்.

6

அந்த மாதக் கடைசி வாரத்தில் கிளம்பினாள். சாமியாரைக் கூட்டி வந்து வண்டியை மந்திரிக்க வேண்டும் என்று ஸ்டெல்லா சொன்னபோது, மறுப்பாள் என்றுதான் நினைத்தேன். சரி என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். தீர்த்தம் தெளிக்கும்போது, முன்னச்சுக்கும் கொஞ்சம் தெளியுங்கள் சாமி என்று நான் ஆங்கிலத்தில் எப்படியோ சொல்ல, அந்த மனிதரும் குனிந்து அடியில் தெளித்தார்.

வழியில் நிறுத்திய இடத்திலிருந்தெல்லாம் பேசினாள். ஒவ்வொரு தடவையும் நான் இரண்டு கேள்வி கேட்பேன். வண்டி இழுக்கிறதா, மூட்டை நகர்ந்திருக்கிறதா. இழுக்கல, நகரல என்பாள். கடைசியில் நான் கேட்பதற்கு முன்பே, "இழுக்கல, நகரல, சாப்ட்டேன்" என்று சொல்லிவிட்டுத்தான் பேச்சையே ஆரம்பித்தாள்.

இனிக் கல்லறைத் திருநாள் காலைக்கு வருகிறேன். தம்பியிடம் பேசி வைத்துவிட்டு, நான் டீ போட்டுக்கொண்டிருந்தேன். ஜெனி கூப்பிட்டாள். அங்கே பனி கொட்டிக்கொண்டிருக்கிறது, இன்றைய முதல் ஓட்டம் முடித்துவிட்டு வந்திருக்கிறேன் என்றாள். குரலில் அலுப்பு இருந்தது. இன்று தாத்தாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றும் நாள் என்றேன். தெரியும், அதற்குத்தான் கூப்பிட்டேன் என்றாள்.

அவளே சொன்னாள். முந்தின நாள், மேஸ்திரியின் வண்டி ஒரு ஏற்றத்தில் சிக்கிக்கொண்டதாம். பின்சக்கரம் பிடிக்காமல் நின்ற இடத்திலேயே சுற்றியிருக்கிறது. கூட வேலை செய்யும் இரண்டு பேரைப் பார்த்து, பின்னால் ஏறி உட்காருங்கள், நான் எடுக்கிறேன் என்று அவர் சொன்னாராம். அவர்களும் சிரித்துக்கொண்டே ஏறப் போயிருக்கிறார்கள்.

"ஏறாதீங்கன்னு சொல்லிட்டேன்பா. என் மூட்டைய அவுத்து, அதுல தூக்கிப் போட்டேன். வண்டி ஏறிடுச்சு."

நான் முதலில் கேட்டது என்ன தெரியுமா. மூட்டையை எடுத்துவிட்டால் உன் வண்டிக்கு என்ன பாரம் என்று கேட்டேன். திரும்ப வாங்கிக் கட்டியாகிவிட்டது, நகரவில்லை என்றாள். மேஸ்திரி எதுவும் சொன்னாரா என்றேன். புதிதாக வந்த பெண் ரொம்பப் பயப்படுகிறாள் என்றாராம். "எங்கப்பா மாதிரின்னு சொன்னேன்" என்றாள்.

போனை வைத்த பிறகுதான் அடுப்பைப் பார்த்தேன். டீ பொங்கி வழிந்திருந்தது. பிறகு தம்பியைத் திரும்பக் கூப்பிட்டேன். அங்கே இருட்டிவிட்டது. மழை வலுத்திருந்தது. கல்லறைத் தோட்டம் முழுக்கக் கொட்டாங்கச்சிக்குள் சின்னச் சின்ன வெளிச்சம். சாமியார் மந்திரித்துவிட்டுப் போயிருந்தார். என்னண்ணே, மறுபடியும் என்றான்.

"மெழுகுவத்தி எரியுதாடா?"

"எரியுதுண்ணே."

"அப்பாகிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுண்ணே."

"பாப்பா ஆள ஏத்தலயாம். மூட்டையத்தான் ஏத்துனாளாம்னு சொல்லு."

மைதானத்தில் நடந்ததெல்லாம் அவனுக்குத் தெரியும். அதனால் அவன் எதுவும் கேட்கவில்லை. போனைக் கல்லறை மேல் சாய்த்து வைத்தான். திரையில் வெள்ளைச் சுவரும் மழையும் மட்டும் தெரிந்தன. குடையை மடக்கும் சத்தம் கேட்டது. பிறகு அவன் குனிந்து, காது கொஞ்சம் மந்தமானவரிடம் பேசுவது போல, நிறுத்தி நிறுத்தி அதைச் சொன்னான்.